அப்பாவின் மரபணுவில் ஒரு கேள்விக்குறி

சனிக்கிழமை மாலைகளில் பஃப்ளோ ரோட்டில் நடப்பதற்கே இடம் இருக்காது. தேக்கா நிலையத்திலிருந்து காய்கறிப் பைகளோடு வருபவர்கள் ஒருபக்கம், பூக்கடைகளில் காத்திருப்பவர்கள் மறுபக்கம். அந்த நெரிசலுக்கு நடுவே என் சித்தப்பா ஒரு சின்ன மளிகைக் கடை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தின் முக்கியமான பேச்சுவார்த்தைகள் எல்லாம் அந்தக் கடையில், முந்திரிப் பருப்பு சாக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும்.

அன்று அப்பாவின் கை முந்திரியை நோக்கிப் போனது. அம்மா ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்துவிட்டது.

அப்பாவுக்கு 47 வயதில் மாரடைப்பு வந்தது. புகைப்பதில்லை, குடிப்பதில்லை, எடையும் அதிகமில்லை. மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் அளவு லிட்டருக்கு 6.8 மில்லிமோல் இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதிலேயே இதய நோய் வந்ததா என்று கேட்டார். தாத்தா 44 வயதில் ‘நெஞ்சு வலி’யில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் பெயர் வைக்கவில்லை.

அப்பாவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். அறிக்கையில் இருந்ததோ மூன்றாவதாக ஒன்று: அப்பாவின் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோயை உண்டாக்குவதா, வெறும் குடும்ப அடையாளம் போன்ற ஒன்றா என்பது தெரியவில்லை. ‘முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்’ என்பது அதன் மருத்துவப் பெயர்.

நான் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தெளிவாகாத விடை என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஏன் தெளிவாகவில்லை என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் கடைசியில் சித்தப்பாவின் முழங்கை நரம்பில் வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் நோயைப் பற்றி. குடும்பவழிக் கூடுதல் கொழுப்பு என்று இதைச் சொல்லலாம். நம் கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் எல்டிஎல் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். பிறந்த நாளிலிருந்தே தங்கும் என்பதுதான் இதில் மோசமான செய்தி. 40 வயதுக்காரரின் ரத்தக் குழாய்களில் 40 ஆண்டுப் படிவு சேர்ந்திருக்கும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. நல்ல செய்தியும் உண்டு. பழைய, மலிவான, நன்கு பழகிய ஸ்டேட்டின் மாத்திரைகளே இதற்கு முதல் மருந்து. சீக்கிரம் கண்டுபிடித்தால் போதும்.

அதனால்தான் சிங்கப்பூர் இந்த நோயிலிருந்து தொடங்கியது. இதற்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதி தொடங்கியது. கொழுப்பு அளவு மிக அதிகமாக இருப்பவரை மருத்துவர் பரிந்துரைப்பார்; அவரிடம் பிழை உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரையும் அழைத்துச் சோதிப்பார்கள். கட்டணத்துக்கு மானியம் உண்டு. ‘தனிநபருக்கேற்ற மருத்துவம்’ என்றால் பலருக்கு ஏதோ விண்வெளி ஆய்வு போலத் தோன்றலாம். நடைமுறையில் அதன் முதல் படி இவ்வளவுதான்: ஒரு மரபணு, ஒரு மாத்திரை, ஒரு குடும்பம்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தப் படியிலேயே தடுக்கிவிட்டது. அப்பாவுக்கு மரபணு முடிவு எதுவானாலும் மாத்திரை தொடரும். எனக்கும் எல்டிஎல் 5.2 என்று வந்துவிட்டது; அதற்கே சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிக்கல் என் தம்பி. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான், வாரத்தில் நான்கு நாள் காற்பந்து. அவன் அளவு 3.9. அந்த வயதுக்கு அது அதிகம். ஆனால், அதை மட்டும் வைத்து ‘இதுதான் நோய்’ என்று முடிவுகட்ட முடியாது. அப்பாவின் மரபணு மாற்றம்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த 3.9க்கு வேறு அர்த்தம் வந்துவிடும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கே மருந்து கொடுக்கலாம். தெரியாதவரை காத்திருக்க வேண்டும்.

ஏன் தெரியவில்லை? மரபணு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். ஒரு மாற்றம் தீங்கானதா என்பதை முடிவுசெய்யும்போது ஆய்வகம் முதலில் பார்ப்பது, அது வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது என்பதைத்தான். ஆரோக்கியமான ஆயிரக்கணக்கானோரிடம் அது காணப்பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நோயாளிகளிடம் மட்டும் திரும்பத் திரும்பத் தென்பட்டால் எச்சரிக்கை. அப்பாவின் மாற்றம் உலகத் தரவுத்தளங்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. “இது அரிதானதா, அல்லது உங்களைப் போன்றவர்களை நாங்கள் போதுமான அளவு பார்க்கவில்லையா என்று சொல்ல முடியாது,” என்றார்.

அந்த வாக்கியம் என்னைத் தைத்தது. வீட்டுக்கு வந்து எண்களைத் தேடினேன். நோய்க்கும் மரபணுவுக்குமான தொடர்பைத் தேடும் உலக ஆய்வுகளில் 2018 நிலவரப்படி பங்கேற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆசியர் அனைவரும் சேர்ந்து 10 விழுக்காடு. ஆப்பிரிக்கர் 2 விழுக்காடு. உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஆசியர்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் அறிக்கையில் இருந்த கேள்விக்குறி ஆய்வகத்தின் குறை அன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நிரப்ப சிங்கப்பூர் முயன்று வருகிறது. 2019இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்றில் சிங்கப்பூரர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்திருந்தார்கள். சீனர் 2,780 பேர், மலாய்க்காரர் 903 பேர், இந்தியர் 1,127 பேர். அவர்களிடம் கண்டறிந்த 98.3 மில்லியன் சிறு மாற்றங்களில் பாதிக்கு மேற்பட்டவை அதுவரை எந்தப் பதிவிலும் இல்லாதவை. இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. அந்த ஆய்விலோ 23 விழுக்காடு. சிறுபான்மையினரின் எண்ணிக்கை தரவில் கரைந்துபோகவில்லை. மாதிரி எடுக்கும் முறை பற்றி வகுப்பில் தூங்கியவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அடுத்த கட்டம் 100,000 பேர். ‘பிரிசைஸ்’ என்னும் அமைப்பு அதை நடத்துகிறது. அதில் ஒரு பகுதி நொவீனாவில் இருக்கும் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியின் ஹீலியோஸ் ஆய்வு. அதை வழிநடத்தும் பேராசிரியர் ஜான் சேம்பர்ஸ் இங்கு வருவதற்கு முன் மேற்கு லண்டனில் வாழும் தெற்காசியர்களின் இதய நோய் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். என் அம்மாவும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்தான். வெறும் வயிற்றோடு போய், ரத்தம் கொடுத்து, கண்ணைப் படமெடுத்து, எலும்பின் அடர்த்தியை அளந்து, ஏராளமான கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அரை நாள் கழித்துத் திரும்பினார். “இலவசமா முழு உடம்பையும் பார்த்தாங்க, விடுவேனா?” என்பதுதான் அறிவியலுக்கு அம்மா ஆற்றிய தொண்டின் பின்னணி.

‘இந்தியர்’ என்ற ஒரு பெட்டியே போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. படிவத்தில் தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி எல்லாரும் அந்த ஒரே கட்டத்தில்தான் குறியிடுகிறோம். மரபணு அப்படிப் பார்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் திருமணம் செய்த சமூகங்களில் குறிப்பிட்ட மாற்றங்கள் குவிந்துவிடும். தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடல் எளிதில் சிதைக்காது. சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர் பல மணி நேரம் தானாக மூச்சுவிட முடியாமல் கிடப்பார். இது மயக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. இன்னொன்று 2009இல் வெளியானது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் அதில் முக்கியமானவர்கள். லண்டன் தரவை மட்டும் நம்பியிருந்தால் இவை வெளிச்சத்துக்கு வர எவ்வளவு காலமாகியிருக்கும்? இந்தியாவின் ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைத் திரட்டி, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதற்குக் காரணமும் இதுதான்.

இதெல்லாம் அரிய நோய்களின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மருந்துச் சீட்டிலேயே இது வந்துவிட்டது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மருந்து, எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிரே போகும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும். ஐரோப்பியர்களிடம் அந்த வகை மிக அரிது, ஆசியர்களிடம் கூடுதல். தைவான் ஆய்வாளர்கள் 2004இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் சிங்கப்பூரின் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாக அந்த மருந்தைத் தொடங்கும் முன் மரபணுவைச் சோதிக்கும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியர்களுக்குச் சராசரியாகச் சீனர்களையும் மலாய்க்காரர்களையும்விட அதிக அளவு தேவைப்படுவதற்கு ஒரே மரபணுவின் வேறுபாடு பெரும் காரணம் என்று காட்டியது. சராசரி என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உங்கள் தாத்தாவுக்கு எவ்வளவு என்பதை அவருடைய இனம் சொல்லாது, அவருடைய ரத்தம்தான் சொல்லும்.

சரி, இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே வருகிறது? உண்மையைச் சொன்னால், நான் முதலில் ஓடியது அங்கேதான். 2023 செப்டம்பரில் கூகல் டீப்மைண்ட் நிறுவனம் ‘ஆல்ஃபாமிஸ்சென்ஸ்’ என்ற கருவியை வெளியிட்டது. புரதத்தில் ஓர் எழுத்தை மாற்றக்கூடிய 71 மில்லியன் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து, அவற்றில் 89 விழுக்காட்டைத் தீங்கானது, தீங்கற்றது என்று அது வகைப்படுத்தியது. பட்டியல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினேன். மதிப்பெண் 0.91. தீங்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த சந்திப்பில் வெற்றிப் புன்னகையோடு அதை ஆலோசகரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். “இதை ஏற்கெனவே கணக்கில் எடுத்திருக்கிறோம். ஓர் ஆதாரமாகச் சேரும். இதை மட்டும் வைத்து உன் தம்பிக்கு மருந்து கொடுக்க முடியாது,” என்றார். ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் கருவி எப்படிப் பயிற்சி பெற்றது என்று படித்தபோது அவர் சொன்னது புரிந்தது. மனிதர்களிடமும் குரங்கினங்களிடமும் அடிக்கடி காணப்படும் மாற்றங்களைத் ‘தீங்கற்றவை’ என்று கொடுத்துத்தான் அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். அடிக்கடி காணப்படுவது எது என்பதை எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள்? அதே தரவுத்தளங்களிலிருந்து. சுற்றிச் சுற்றி, ரத்தம் கொடுத்தவர்களிடமே வந்து நிற்கிறோம்.

நல்ல தரவு கிடைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. நீரிழிவால் கண்ணில் வரும் பாதிப்பை விழித்திரைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ‘செலினா பிளஸ்’ என்ற நுண்ணறிவுக் கருவியை சிங்கப்பூர்க் கண் ஆய்வாளர்களும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணினியியல் ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். 2017இல் வெளியான அதன் ஆய்வில் 494,661 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அதைச் சரிபார்க்கப் பயன்பட்ட தொகுப்புகளில் ஒன்று சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வு. 2007 முதல் 2009 வரை தீவின் தென்மேற்குப் பகுதியில் வசித்த, 40 வயதைத் தாண்டிய 3,400 இந்தியர்கள் அதில் பங்கேற்றார்கள். நீரிழிவு நம்மிடையே அதிகம். விழித்திரையின் நிறமும் இனத்துக்கு இனம் வேறுபடும். அந்த 3,400 பேரும் மோவாடையை வைத்து அசையாமல் அமர்ந்து கொடுத்த படங்கள் இல்லாமல், அந்தக் கருவி நம் கண்களை ஒழுங்காகப் படிக்கிறதா என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

எல்லா நுண்ணறிவும் லட்சக்கணக்கானோரின் தரவைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் டீன் ஹோவின் குழு உருவாக்கிய ‘கியூரேட்.ஏஐ’ நோயாளியின் சொந்தத் தரவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இந்த அளவு மருந்துக்கு இவர் உடல் இப்படிப் பதில் சொன்னது, அடுத்து எவ்வளவு கொடுக்கலாம் என்று அவருக்கென ஒரு வரைபடம் போடுகிறது. முற்றிய புற்றுநோய் இருந்த ஒருவருக்கு இப்படி அளவை மாற்றி மாற்றிச் சிகிச்சையளித்த அனுபவத்தை 2018இல் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது. ஆனால் அப்பாவின் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

விடைக்கு வேறொரு வழியை ஆலோசகர் சொன்னார். உயர்நிலைப் பள்ளி நிகழ்தகவுக் கணக்குதான். அப்பாவின் மாற்றம் தீங்கற்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் அது இருப்பதும் இல்லாததும் நாணயத்தைச் சுண்டுவது போன்றது, கொழுப்போடு தொடர்பிருக்காது. கொழுப்பு அதிகமுள்ள ஓர் உறவினரிடம் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அப்படி இரண்டு பேரிடமும் இருந்தால் நான்கில் ஒன்று. மூன்று பேரிடமும் இருந்தால் எட்டில் ஒன்று. ஆள் கூடக்கூடத் ‘தற்செயல்’ என்ற வாதம் மெலிந்துகொண்டே போகும். எங்கள் குடும்பத்தில் அந்த மூன்று பேர்: நான், ஜோகூரில் இருக்கும் அத்தை, சித்தப்பா. அத்தைக்குக் கொழுப்பு அதிகம் என்பது தெரியும், அவர் உடனே சம்மதித்தார். சித்தப்பா கொழுப்பைக்கூட இதுவரை அளந்ததில்லை.

“ஏம் பாப்பா, எனக்கு இன்னும் காப்புறுதி எடுக்கல. ரத்தத்தில ஏதாச்சும் இருக்குன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?” என்று முந்திரிச் சாக்கைத் தட்டிக்கொண்டே கேட்டார். “அதோட, கம்ப்யூட்டர்ல ஏத்தினா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. மறந்துட்டியா?”

மறக்கவில்லை. 2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டு 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவுபோயின. 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் அதில் அடக்கம். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவலைக் குறிவைத்தே மீண்டும் மீண்டும் தேடியிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் வெளியான செய்தி வந்தது. சித்தப்பாவின் வாடிக்கையாளர்கள் அந்த வாரம் முழுவதும் அதைத்தான் பேசினார்களாம். கிருமித்தொற்றுக் காலத்து டிரேஸ்டுகெதர் தரவைக் குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை கேட்டுப் பெறமுடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது எழுந்த சலசலப்பு இன்னொன்று. அடுத்த மாதமே அந்தப் பயன்பாட்டைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. ஆனால் நம்பிக்கை சட்டத்தைவிட மெதுவாகத்தான் திரும்பி வருகிறது.

மரபணு விஷயத்தில் அச்சம் கூடுவதற்கு நியாயமும் இருக்கிறது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. அது என்னுடையது மட்டுமல்ல. என் தம்பிக்கும் அதில் பாதிப் பங்கு. அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு எச்சிலை அனுப்பியவர்கள் ஏறக்குறைய 15 மில்லியன் பேர். 2023இல் அவர்களில் 6.9 மில்லியன் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் நிறுவனம் நொடித்துப்போனபோது, அத்தனை பேரின் மரபணுத் தரவும் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது. பிறந்தநாள் பரிசாக அந்தப் பெட்டியை வாங்கித்தர நண்பர்கள் ஒருமுறை திட்டமிட்டார்கள். நல்லவேளை, காலணி வாங்கித் தந்தார்கள்.

சித்தப்பாவிடம் வெறுங்கையோடு பேச முடியாது என்பதால் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். காப்புறுதி விஷயத்தில் 2021 அக்டோபரிலிருந்து சுகாதார அமைச்சுக்கும் ஆயுள் காப்புறுதிச் சங்கத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு நடப்பில் இருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனம் யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. நோய் வராதவரின் முன்கணிப்புப் பரிசோதனை முடிவை வைத்துக் காப்புறுதியை மறுக்கவோ சந்தாவைக் கூட்டவோ கூடாது. மிகப் பெரிய தொகைக்கான காப்புறுதிகளில் குறிப்பிட்ட சில பரிசோதனைகள் மட்டும் விதிவிலக்கு. ஆராய்ச்சியில் பங்கேற்றவர்களைப் பொறுத்தவரை, 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டப்படி தகுந்த சம்மதம் பெற வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட சுகாதாரத் தகவல் மசோதா, உரிமம் பெற்ற எல்லா மருத்துவச் சேவை வழங்குநர்களும் நோயாளியின் முக்கியத் தகவல்களைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது. வேலைக்கோ காப்புறுதிக்கோ அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதைத் தடுக்கிறது.

இவ்வளவையும் சொன்னேன். சித்தப்பா விடவில்லை. “சரி, மரபணுவைக் கேக்க மாட்டான். கொழுப்பு எவ்வளவுன்னு கேப்பானா?”

கேட்பான். அங்கேதான் எனக்கும் வாயடைத்தது. மரபணு அறிக்கைக்கு வேலி இருக்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனையின் எண்ணுக்கு அந்த வேலி இல்லை. குடும்பத்தில் யாருக்கு மாரடைப்பு வந்தது என்ற கேள்விக்கும் இல்லை. என் 5.2 ஏற்கெனவே பதிவாகிவிட்டது. விதிமுறையை எழுதியவர்கள் மரபணு என்ற புதிய பொருளைச் சுற்றிக் கவனமாக வேலி போட்டார்கள்; அதன் நிழல் விழும் பழைய எண்களுக்கு என்ன செய்வது என்பது இன்னும் பேசி முடிக்காத விஷயம். இதை மறைத்து, ‘எல்லாம் பாதுகாப்பானது’ என்று சித்தப்பாவிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அதை மறைக்கும் எந்த விளம்பரச் சுவரொட்டியையும் அவர் நம்பப் போவதில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். “சித்தப்பா, நீங்க அளக்கலைன்னாலும் அது அங்கதான் இருக்கும். தாத்தாவுக்கு 44. அப்பாவுக்கு 47. உங்களுக்கு இப்ப 45.”

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு அரைக் கிலோ உளுந்து நிறுத்தார். சில்லறை கொடுத்தார். பிறகு தம்பியைப் பற்றிக் கேட்டார். அவனுடைய 3.9 எனும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நாணயம் சுண்டும் கணக்கைக் கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து விளக்கினேன். எட்டில் ஒன்று என்பதை அவர் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். நாள் முழுவதும் எடை போடுபவர் அல்லவா.

போன வாரம் கடைக்குப் போனபோது ரசீதுத் தாளின் பின்புறத்தில் நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்களா? கம்பெனிகளுக்குக் கொடுப்பார்களா? முடிவு தெரிந்தால் என்னிடம் முதலில் சொல்வார்களா, அண்ணனிடமா? நான்காவது கேள்வியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்விதான் என்று பிறகு தோன்றியது.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் இருவருக்கும் நேரம் கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரு விரிவுரை போகும். அவர் கடையை மதியம்தான் திறப்பார். வெறும் வயிற்றில் வரவேண்டுமா, காலையில் கோப்பி குடிக்கலாமா என்று நேற்று இரவு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.